கம்பியில்லாத் தொடர்பாடல் ஆய்வு: கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவர்: சேர், இத்துறையில் ஆய்வாளராவதற்கு இப்போதே எதைப் படிக்க வேண்டும்?

தம்பி, இணைந்த கணிதத்தில் நிகழ்தகவைப் புள்ளிகளுக்காக மட்டும் படிக்காதீர்கள். பொறியியல் பீடத்தில் நேர்கோட்டு அட்சரகணிதமும் கைவசமானால், கணிதவியலாளர் கிளோட் ஷானன் 1948 இல் எழுதிய தகவல் கோட்பாட்டுக் கட்டுரையை நீங்களே வாசித்துவிடலாம்.

ஒலுவில், இறுதியாண்டு மாணவி: வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெறப் பெருந்தொகை வேண்டுமா?

வேண்டியதில்லை, தங்கை. பின்லாந்திலும் சுவீடனிலும் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பல்கலைக்கழக ஊழியராவார். 2018 இல் ஆறாம் தலைமுறை வலையமைப்பு ஆய்வுத்திட்டத்தைத் தொடங்கிய ஒவுலு பல்கலைக்கழகம் போன்றவற்றின் வெற்றிட அறிவித்தல்களைப் பாருங்கள். விண்ணப்பத்தில் புகழ்ச்சி வேண்டாம். மேற்பார்வையாளரின் கட்டுரையொன்றிலுள்ள வரைபை நீங்களே கணினியில் மீண்டும் பெற்று இணையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் சஞ்சிகைகளை மட்டும் நாடாதீர்கள்.

அக்கரைப்பற்று: எனது கணினி உருவகப்படுத்தல் சரியென்று எவ்வாறு அறிவது?

தெரிந்த விடையுடன் ஒப்பிடுங்கள். இருநிலைக் கட்டப் பண்பேற்றத்தில் (0, 1 இரண்டையும் அலையின் இரு எதிர்க் கட்டங்களாக அனுப்பும் BPSK முறையில்) ஆயிரத்துக்கு ஒரு பிட் பிழை வருவதற்கு, பிட் ஒன்றுக்கான சமிக்ஞை-இரைச்சல் விகிதம் வெறும் இரைச்சல் மட்டுமாயின் ஏறத்தாழ 6.8 டெசிபெல்லும், ரேலி மங்கலில் (சிதறிய கதிர்கள் சேர்வதால் சமிக்ஞை ஏறியிறங்கும் நிலையில்) 24 டெசிபெல்லும் தேவை. இவ்விரண்டும் வராத நிரலின் வேறெந்த வரைபையும் நான் நம்பமாட்டேன்.

ஏறாவூர்: வெளிநாடு செல்ல எவ்வளவு பணம் வேண்டும்?

ஒலுவில் தங்கைக்கு எழுதியதை வாசியுங்கள்.

கல்முனை: எந்தத் தலைப்பில் கலாநிதிப் பட்டம் விரைவாகக் கிடைக்கும்?

அப்படியொரு தலைப்பு இல்லை. அவசரத்தில் அந்த ஒருவாரச் சஞ்சிகைகளிடம் போய்விடாதீர்கள்.

செங்கலடி: வீட்டில் வைஃபை அறைக்குள் வருவதில்லை.

ரவுட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள். இது ஆய்வுக்குரிய கேள்வியன்று.

வாழைச்சேனை: உருவகப்படுத்தலே போதாதா? வாவிக்கரையில் நின்று அளக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ரேலி மாதிரி, நேர்க்கதிர் இன்றிப் பல சிதறிய கதிர்கள் மட்டுமே வந்துசேரும் இடத்துக்குரியது. மட்டக்களப்பு வாவியின் மேல் நேர்க்கதிரும், நீர்ப்பரப்பில் தெறித்த கதிரும் வலுவாக வருகின்றன. நீரிலிருந்து 20 மீற்றர் உயரத்தில், 3 கிலோமீற்றர் இடைவெளியில் இரு அன்டெனாக்களை 5.8 கிகாஹேர்ட்ஸில் இயக்குவதாகக் கொள்வோம். மாரி வெள்ளத்தில் நீர்மட்டம் 1 மீற்றர் உயர்ந்தால், இரு கதிர்களின் பாதை வேறுபாடு 2.6 சென்ரிமீற்றர் குறையும். அது அரை அலைநீளம் என்பதால், ஒன்றையொன்று வலுப்படுத்திய கதிர்கள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும்.

காத்தான்குடி: மறுக்கிறேன், சேர். இந்த இரு கதிர்களையும் கணினியிலேயே எழுதலாமே. பிறகு அளவீடு எதற்கு?

எழுதலாம், பாதி வாதம் உங்களுடையதே. ஆனால் நீர்மட்டம் எந்நாளில் எவ்வளவு, காற்றெழுப்பும் அலைகள் தெறிப்பை எவ்வளவு கலைக்கின்றன என்பவற்றை நிரலுக்கு யார் சொல்வது? இணைப்புக் கருவியே சமிக்ஞை அளவைப் பதிவுசெய்யும். கரையில் அளவுகோலொன்றை நட்டு, இரண்டையும் மாரிக்காலம் முழுவதும் குறித்துவாருங்கள். சொந்தமாக அலைபரப்பியொன்றைச் செய்து இயக்குவதாயின், முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியைப் பெறுங்கள்.

காத்தான்குடி, மீண்டும்: அப்படியானால் இரண்டாவது அன்டெனா ஒன்றைக் கீழே பொருத்தினால் தீருமா?

பெரும்பாலும் தீரும். மேற்சொன்ன அளவுகளுக்கு, ஒரு முனையில் ஏறத்தாழ 2 மீற்றர் கீழே பொருத்துங்கள். ஒன்றில் சமிக்ஞை அழியும்போது மற்றதில் வலுத்திருக்கும்.