கமராவுக்கு வேகமான மெமரி கார்ட், கார்ட் ரீடர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான். நிலாவெளியில் இருக்கிறீர்கள், கையில் நிக்கோன் டி7500. செக்கனுக்கு 200 எம்பி என்று போட்டிருந்த எஸ்டி கார்ட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினீர்கள். அப்படியிருந்தும் திமிங்கிலம் பார்க்கப் போன படகில் தொடர்ந்து எடுக்கும்போது கமரா திணறி நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து லப்டொப்பில் ஏற்ற அரை மணித்தியாலம் போகிறது. இதைவிட விலை கூடிய, யுஎச்எஸ்-2 என்ற வேகமான வகைக் கார்ட் வாங்கினால் சரிவருமா என்று கேட்கிறீர்கள்.

சரிவராது. அந்தக் காசைக் கார்டில் போடாதீர்கள். கையில் இருக்கிற கார்ட் உங்கள் கமராவுக்குப் போதும், உங்களுக்குத் தேவை ஒரு நல்ல கார்ட் ரீடர், அதாவது கார்டைப் போட்டு லப்டொப்பில் இணைக்கும் சின்னக் கருவி. நான் திருகோணமலையில் கலியாண வீடு, கோயில் திருவிழா, சீசனில் கடல் என்று படம் எடுக்கிறவன். இதே கேள்வியை நேரிலும் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார்டைக் கையில் எடுத்து முகப்பைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 200 என்று இருக்கும். அது வாசிக்கும் வேகம், அதாவது கார்டில் உள்ளதை வெளியே எடுக்கும் வேகம். படம் எடுக்கும்போது கமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். பல கார்டுகளில் அது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் இருக்கும். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ 64 ஜிபி கார்டை எடுத்துக்கொண்டால் வாசிக்க 200, எழுத 90. இரண்டுமே 'அதிகபட்சம் இவ்வளவு' என்று கம்பனி சொல்லும் கணக்கு.

அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். கடையில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். சி என்ற ஆங்கில எழுத்துக்குள் 10, யூ எழுத்துக்குள் 1 அல்லது 3, வி எழுத்துக்குப் பக்கத்தில் 30, 60 அல்லது 90. இவை தொடர்ந்து எழுதும்போது வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பதைச் சொல்கின்றன. சி10, யூ1 இரண்டுக்கும் செக்கனுக்கு 10 எம்பி, யூ3, வி30 இரண்டுக்கும் 30 எம்பி, வி60, வி90 என்றால் அதே 60, 90. ஏ1, ஏ2 என்று இன்னொரு குறியும் இருக்கும். அது ஃபோனில் ஆப் ஓட்டுவதற்கானது, கமராவுக்காக அதற்குக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த வி எண் முக்கியம். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். கமராக்காரர்கள் வீடியோவை மெகாபிட்டில் சொல்வார்கள், கார்ட்காரர்கள் மெகாபைட்டில், அதாவது எம்பியில், சொல்வார்கள். பிட்டை 8 ஆல் வகுத்தால் பைட். உங்கள் டி7500 4கே வீடியோவை நல்ல தரத்தில் செக்கனுக்கு 144 மெகாபிட் அளவில் எழுதுகிறது, அதாவது 18 எம்பி. வி30 கார்ட் அதற்குத் தாராளம். '4கே எடுக்கிறதென்றால் வி90 கட்டாயம் வேண்டும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செக்கனுக்கு 400 மெகாபிட்டில் எழுதும் கமரா வைத்திருப்பவருக்குத்தான் வி60 பேச்சே வருகிறது.

இனி மூன்றாவது குறி. ரோம எண்ணில் ஒரு கோடு, அல்லது இரண்டு கோடு. ஒரு கோடு என்றால் யுஎச்எஸ்-1, இரண்டு கோடு என்றால் யுஎச்எஸ்-2. கார்டைத் திருப்பிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். யுஎச்எஸ்-1 கார்டின் பின்னால் தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசையில் ஒன்பது இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசையில் எட்டு இருக்கும். வேகம் அந்த இரண்டாவது வரிசை வழியாகத்தான் போகிறது. முதல் வகைக்கு உச்ச வரம்பு செக்கனுக்கு 104 எம்பி, இரண்டாவதற்கு 312 எம்பி.

டி7500 இன் கார்ட் வாசலில் அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் முட்கள் கிடையாது. அது யுஎச்எஸ்-1 கமரா. யுஎச்எஸ்-2 கார்டைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் முதல் வரிசையை மட்டுமே பாவிக்கும். அதனால்தான் வாங்க வேண்டாம் என்றேன். சோனி ஏ6400 காரர்களுக்கும் இதே பதில்தான். கனன் ஆர்7 வைத்திருந்தால் இரண்டு வாசலுமே யுஎச்எஸ்-2, அங்கே காசு போடுவதில் அர்த்தம் இருக்கிறது. சோனி ஏ7 3 இல் முதல் வாசல் மட்டும்தான் யுஎச்எஸ்-2, இரண்டாவது இல்லை. ஒரே நேரத்தில் இரண்டிலும் எழுத வைத்தால் மெதுவானதற்காக மற்றது காத்திருக்கும். எக்ஸ்கியூடி, சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற கார்ட் வகைகள் எல்லாம் உருவத்திலேயே வேறு. அவை உங்கள் கமராவுக்குள் நுழையாது, எனவே விட்டுவிடுவோம்.

அப்படியென்றால் படகில் ஏன் கமரா நிற்கிறது? டி7500 செக்கனுக்கு 8 படம் எடுக்கும். ஒரு ரோ ஃபைல், அதாவது கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல், ஏறக்குறைய 25 எம்பி. ஆக, செக்கனுக்கு 200 எம்பி உற்பத்தியாகிறது. கார்டுக்குப் போகும் வழியோ 104 ஐத் தாண்டாது, நடைமுறையில் அதைவிடக் குறைவு. மிச்சம் கமராவின் பஃபரில், அதாவது கார்டில் எழுதும் வரை படங்களை வைத்திருக்கும் உள் நினைவகத்தில், தேங்குகிறது. 14 பிட் ரோவில் (பிட் கூடினால் நிற விபரம் கூடும்) ஒரே மூச்சில் 50 படம் வரை எடுக்கலாம் என்று நிக்கோன் சொல்கிறது. ஆறு செக்கனுக்குச் சற்று மேல். அதன்பிறகு, கார்டில் எழுதி முடிந்த அளவுக்குத்தான் அடுத்த படம். எந்தக் கார்ட் போட்டாலும் இந்தக் கமராவில் இந்த வரம்பு இருக்கவே செய்யும்.

ஆனால் ஆறு செக்கன் என்பது திமிங்கிலத்துக்குப் போதும். எங்கள் பக்கத்துக் கடலில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே வந்துவிடுவதால் மே, ஜூன், ஜூலையில் நீலத்திமிங்கிலத்தை அதிக தூரம் போகாமலே காணலாம். அது மேலே வந்ததும் முதலில் மூச்சு விடும், தண்ணீர்த்தூள் தென்னை உயரத்துக்கு எழும்பும். பலபேர் அதைக் கண்டவுடனேயே பொத்தானை அழுத்தி விரலை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அது அப்படியே சில மூச்சுகள் விட்டு மிதந்துகொண்டிருக்கும். ஆழத்துக்குப் போகத் தயாராகும்போது முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளையும். அதைக் கண்ட பிறகு அழுத்துங்கள். அடுத்த சில செக்கனுக்குள் வால் மேலே வந்து தண்ணீர் வடிய நிற்கும். நீலத்திமிங்கிலம் எல்லாத் தடவையும் வாலைத் தூக்காது, தூக்கும் தடவை உங்கள் பஃபர் காலியாக இருக்க வேண்டும். மூச்சு விடுகிற நேரத்தில் இரண்டு மூன்று படம் போதும். இன்னும் இடம் வேண்டுமென்றால் ரோவை 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு மாற்றுங்கள், ஃபைல் சின்னதாகும். வெயில் நேரக் கடலில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, இனி அரை மணித்தியாலக் கதைக்கு வருவோம். உங்கள் காசு உண்மையில் வேலை செய்யப்போவது இங்கேதான்.

திருவிழா நாளில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வாகனங்களை நினைத்துப் பாருங்கள். வெளியே வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் கோட்டை வாசல் வளைவுக்குள் ஒவ்வொன்றாகத்தான் நுழைய வேண்டும். படங்கள் லப்டொப்புக்குள் போகும் பாதையிலும் அப்படி ஒரு வளைவு எங்கேயோ இருக்கிறது. கார்ட், ரீடர், ரீடரின் வயர், லப்டொப்பின் போர்ட், கடைசியில் எழுதப்படுகிற டிஸ்க். இவற்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். அரை மணித்தியாலம் என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு யுஎஸ்பி 2.0 ஞாபகம் வந்தது. அதில் நடைமுறையில் செக்கனுக்கு 35 எம்பி அளவுதான் போகும். 64 ஜிபி நிறைந்த கார்டை மாற்ற அரை மணித்தியாலம் பிடிக்கும். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

கமராவிலிருந்தே வயர் போட்டு மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். டி7500 இல் இருப்பது யுஎஸ்பி 2.0 வாசல்தான், அதைக் கொண்டு இதைவிட வேகம் எடுக்க முடியாது. லப்டொப்பின் பக்கத்தில் உள்ள எஸ்டி ஓட்டையில் போடுகிறீர்கள் என்றாலும், பல லப்டொப்களில் அது உள்ளே யுஎஸ்பி 2.0 வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும். யுஎஸ்பி 3.0 ரீடர் ஒன்றை வாங்கி, லப்டொப்பில் உள்ளே நீல நிற நாக்குள்ள போர்ட்டில் குத்துங்கள். சில லப்டொப்களில் நீலம் இருக்காது, பக்கத்தில் இரண்டு எஸ் எழுத்து ஒட்டினாற்போல் இருக்கும். சாதாரண யுஎச்எஸ்-1 கார்ட் அதில் செக்கனுக்கு 90 எம்பி அளவில் வரும். அதே 64 ஜிபி 12 நிமிடத்தில் முடிந்துவிடும்.

டைப்-சி வாசல் என்றால் வேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது முனையின் வடிவம் மட்டும்தான். ஃபோன் சார்ஜருடன் வரும் டைப்-சி வயர்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 வேகம்தான் ஓடும். ரீடருடன் வந்த வயரையே பாவியுங்கள்.

இப்போது அந்த 200. யுஎச்எஸ்-1 இன் வரம்பே 104 என்றால் கார்டில் எப்படி 200 என்று போட முடிகிறது? கம்பனிகள் அந்த வரம்புக்கு மேலே போகத் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கின்றன. அந்த முறையைப் புரிந்துகொள்ளும் ரீடரில் போட்டால் மட்டுமே அந்த வேகம் வரும். சான்டிஸ்க் தன் கார்டுகளுக்கென்று அப்படி ஒரு ரீடரும் விற்கிறது. மற்ற எல்லா ரீடரிலும், கமராவிலும், அது சாதாரண யுஎச்எஸ்-1 கார்டாகவே நடந்துகொள்ளும். கார்ட் பொய் சொல்லவில்லை, ஆனால் இதைக் கடையில் யாரும் விளக்குவதில்லை, அது எனக்குக் கவலைதான். உங்கள் கார்டுக்குப் பொருத்தமான அந்த வகை ரீடர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், 12 நிமிடம் ஆறேழு நிமிடமாகக் குறையும். கிடைக்கவில்லையென்றால் நல்ல யுஎச்எஸ்-2 ரீடர் ஒன்றை எடுங்கள். இன்றைக்கு உங்கள் கார்டில் 90 அளவுதான் தரும், ஆனால் நாளைக்குக் கமரா மாறினாலும் ரீடரை மாற்ற வேண்டியிருக்காது.

ஒன்று கவனியுங்கள்: வெளியே தொங்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நேரடியாகப் படங்களை இறக்கினால், அந்த டிஸ்க்கே செக்கனுக்கு 100 எம்பி சொச்சத்தில்தான் எழுதும். வேகமான ரீடர் வாங்கியும் பலன் தெரியாமல் போவது இப்படித்தான். முதலில் லப்டொப்பின் எஸ்எஸ்டியில் (உள்ளே இருக்கும் வேகமான டிஸ்க்) இறக்கிவிட்டு, அப்புறம் ஆறுதலாக வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள்.

ரீடரின் உருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லப்டொப்பில் நேரே குத்தி நிற்கும் குட்டி வகையைவிட, சின்ன வயருடன் வருவதை நான் விரும்புவேன். கலியாண வீட்டு மேசையில் யாருடைய கையாவது பட்டாலும் வயரில் உள்ள ரீடர்தான் நகரும், லப்டொப்பின் போர்ட்டுக்குச் சேதம் வராது.

எத்தனை ஜிபி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இங்கே அது முக்கியம். டி7500 இல் ஒரே ஒரு கார்ட் வாசல்தான். கடலுக்குப் போகும்போது 128 ஜிபி போட்டுக்கொண்டு போங்கள். படகில் உப்புத்தண்ணீர் தெறிக்கும்போது கார்ட் கதவைத் திறக்கவே கூடாது. கலியாண வீட்டுக்கு நேர்மாறு: 64 ஜிபி கார்டுகளை மாற்றி மாற்றிப் பாவிப்பேன். தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே கார்டை மாற்றிவிட்டு, எடுத்ததை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு கார்ட் பழுதானாலும் முழு நாளும் போகாது. உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் கார்டின் தகடுகள் மங்கிப்போகும், வெறும் பையில் நாணயங்களோடு போட்டு வைக்காதீர்கள். படங்களை இரண்டு இடத்தில் சேமித்த பிறகு, அழிப்பதைக் கமராவிலேயே ஃபோர்மட் பண்ணிச் செய்யுங்கள், லப்டொப்பில் வேண்டாம்.

கடைசியாகப் போலிக் கார்ட். பெயரும் நிறமும் அச்சு அசலாக இருக்கும். உள்ளே சின்ன சிப் ஒன்றை வைத்து, 128 ஜிபி என்று கமராவிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிறையும் வரை எல்லாம் நன்றாகவே நடக்கும், அதன்பின் எழுதியது எதுவும் திறக்காது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சாமத்திய வீட்டுப் படங்களை இப்படி இழந்தார். காலையில் எடுத்தவை எல்லாம் திறந்தன, ஆலாத்தி எடுத்த நேரத்துப் படங்களில் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகவே வந்தன. ஆகவே ஒன்லைனில் எடுத்தாலும் டவுனில் எடுத்தாலும் பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். வழக்கமான விலையில் பாதிக்குக் கொடுத்தால் தொடாதீர்கள். கார்ட் கைக்கு வந்த அன்றே விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் சோதியுங்கள். அது கார்டை முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். உங்கள் ரீடரில் உண்மையாக எவ்வளவு வேகம் வருகிறது என்பதையும் அப்படியே காட்டிவிடும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் விடை இருக்கும். பிழை என்று வந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடை திறந்ததும் போய்விடுங்கள்.