வலப்பக்கம் சாயும் மோரிஸ் மைனர்

பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. அப்பா ஓட்டிய 1962 மோரிஸ் மைனர், நாலு கதவு. இப்போது நான் வைத்திருக்கிறேன். முன்பக்கம் வலது மூலை தாழ்ந்திருக்கிறது. மட்கார்டு விளிம்பிலிருந்து அளந்தால் இடது பக்கத்தைவிட 25 மில்லிமீட்டர் குறைவு. ஒரு வொர்க்‌ஷாப்பில் இரண்டு அப்சர்பரையும் மாற்றச் சொன்னார்கள். நண்பர் ஒருவர், டோர்ஷன் பாரைத் திருகி ஏற்றிவிடலாம், அரை நாள் வேலைதான் என்கிறார். எது சரி? வீட்டிலேயே செய்யலாமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, அப்சர்பர் காரைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. மைனரில் அப்சர்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மாகவும் இருக்கிறது. அதனால் பார்ப்பவர்களுக்கு அதுவே பாரம் தாங்குவதுபோலத் தெரியும். தாங்குவது கீழே நீளவாக்கில் கிடக்கும் டோர்ஷன் பார். ஈரவேட்டியை ஒரு முனையில் ஒருவர் பிடித்துக்கொள்ள மறு முனையில் நீங்கள் முறுக்கினால் அது திமிறித் திரும்பப் பார்க்குமல்லவா, அதேதான். பாரின் முன்முனையைச் சக்கரத்தின் லோவர் ஆர்ம் முறுக்குகிறது. பின்முனை காரின் அடியில் குறுக்குச் சட்டத்தில் ஒரு லீவரோடு கட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. மைனரை வரைந்த அலெக் இசிகோனிஸ் 1948-லேயே இதை வைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களின் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவாந்தில் அதற்கு முன்பே இருந்த ஏற்பாடு இது.

அதனால் உங்கள் நண்பர் சொன்ன இடம் சரி. அரை நாள் என்பதுதான் இடிக்கிறது. திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியதுதான் அதிகம்.

முதலில், காரை எங்கே நிறுத்தி அளந்தீர்கள்? தாமான் குடியிருப்பு வீடு என்றால் போர்ச்சில்தான் அளந்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் கால்வாய்க்கு ஓட வேண்டுமென்று நம் போர்ச் எல்லாம் சரிவாகத்தான் போட்டிருக்கும், சிலதில் பக்கவாட்டிலும் சரிவு உண்டு. ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காரை வெளியே எடுத்து, பின்பக்கமாக உள்ளே விட்டு, மறுபடி அளங்கள். சாய்வு காரோடு வந்தால் கார், தரையோடு தங்கிவிட்டால் தரை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். போர்ச்சுக்குச் செலவு செய்ய வேண்டியதைக் காருக்குச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளக்குமுன் நாலு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள், இரண்டு முன் டயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள். காரைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, முன் பம்பரைக் கையால் நாலைந்து தரம் அமுக்கி விடுங்கள். ஜாக்கிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் வரும் கணக்குப் பொய். சக்கரங்கள் உள்வாங்கியபடியே நிற்கும், கொஞ்சம் உருண்டால்தான் தம் இடத்துக்கு வரும்.

அடுத்தது, மட்கார்டை நம்பாதீர்கள். மைனரின் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது. அறுபது வருஷத்தில் எத்தனை முறை கழன்று ஏறியதோ! ஒரு பக்கம் பழைய தகரம், மறுபக்கம் பின்னால் வந்த ஃபைபர் என்றுகூட இருக்கும். அதன் விளிம்பு 10 மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. லோவர் ஆர்மின் உள்முனையைப் பிடித்திருக்கும் ஐ-போல்ட்டின் (வளையத் தலை போல்ட்) நடுப்புள்ளியிலிருந்து தரை வரை அளங்கள். இரண்டு பக்கமும் அதே புள்ளி. அந்தக் கணக்குத்தான் கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் வலது தாழ்வாக இருந்தால், பின்பக்கத்தைக் கேளுங்கள். மைனருக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். வலது பட்டை சோர்ந்திருந்தால் கார் முழுவதும் வலப்பக்கம் சாயும், பழி முன் பாருக்கு வரும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பின் எக்ஸலின் நடுவில், அந்த உருண்டைக்கு அடியில், ஒரு கட்டையை வைத்து ஜாக்கால் பின்பக்கத்தைத் தூக்குங்கள், இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டு எழும்பும்வரை. இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, காரை எந்தப் பக்கமும் சாய்க்க அதற்கு வழியில்லை. முன்னால் மறுபடி அளங்கள். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் முன் பாரைத் தொட வேண்டாம், பட்டையைக் கவனியுங்கள். ஜாக்கில் நிற்கும்போது காரின் அடியில் போகாதீர்கள், வெளியே குந்திக்கொண்டே அளக்கலாம்.

என் கணிப்பு என்னவென்றால், உங்கள் காரில் பாதிக் குற்றம் பாருக்கு, பாதி ஐ-போல்ட்டில் இருக்கும் ரப்பர் உறைக்கு, அதாவது புஷ்ஷுக்கு. அந்த எஞ்சின் எண்ணெய் சொட்டாமல் நின்றதை நான் பார்த்ததில்லை. சொட்டும் எண்ணெய் ரப்பரில் பட்டால் ரப்பர் ஊறி உப்பி, கையால் பிய்க்கும் பதத்துக்கு வந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ்ஷின் துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சில மில்லிமீட்டர் அங்கேயே திரும்பக் கிடைக்கும்.

இனி டோர்ஷன் பார். வலது பார் தளர்வது நம் ஊரில் சகஜம், காரணம் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓட்டுநர் எப்போதும் அங்கேதான். அறுபது வருஷம் அதே மூலையில் ஒருவர் உட்கார்ந்தால் இரும்பும் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும்.

காரின் அடியில், பாரின் பின்முனை லீவரைப் பாருங்கள். பிந்திய கார்களில் அங்கே வரிசையாகத் துளைகள் உள்ள தகடு இருக்கும். லீவரை ஒரு துளை மாற்றினால் உயரம் கொஞ்சம் மாறும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அந்தத் தகடு இல்லையென்றால், அல்லது கடைசித் துளைக்கு வந்துவிட்டதென்றால், பாரின் முனையில் வரிவரியாக வெட்டியிருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும். ஒரு பல் என்றால் என் கையில் ஓர் அங்குலத்துக்கு மேல் மாறியிருக்கிறது. 25 மில்லிமீட்டர் போதும் என்று பல் மாற்றி, கார் மறுபக்கம் சாய்ந்து நின்ற கதையும் உண்டு. பல்லும் துளையும் சேர்ந்துதான் கணக்கு சரியாகும்.

எந்தத் திசை என்று குழம்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பாரில் முறுக்கே இல்லாதபோது லோவர் ஆர்ம் எவ்வளவு கீழே தொங்குகிறதோ, அவ்வளவு கார் உயரும்.

ஆனால் அந்த முறுக்கை இறக்காமல் பின் லீவரின் போல்ட்டைக் கழற்றக் கூடாது. காரின் முன் மூலையைத் தாங்கும் பாரம் அந்த ஒரு போல்ட்டில் இருக்கிறது. விடுபட்டால் லீவர் அடிக்கும் அடியில் விரல் மிஞ்சாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, சக்கரம் கழற்றியாச்சு, லோவர் ஆர்முக்குக் கீழே ஜாக். மேலே அப்சர்பர் கையிலிருந்து இணைப்பைப் பிரித்துவிட்டு ஜாக்கை மெதுவாக, மிக மெதுவாக இறக்க வேண்டும். ஆர்ம் தளர்ந்து சும்மா தொங்கும்போதுதான் பாரில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதற்குள் பிரேக் ஹோஸில் டிரம் தொங்கிவிடாதபடி கம்பியால் கட்டி மாட்டுங்கள். இது தனியாகச் செய்யும் வேலையில்லை தம்பி. நல்ல ஃபோர்மேன் ஒருவரை வைத்துக்கொண்டு, அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள்.

பாரைக் கையாள்வது பற்றி என் கதை ஒன்று. 1979-ல் ஜோர்ஜ் டவுனில் வேலை பழகிக்கொண்டிருந்தேன், பதினேழு வயது. ஒரு மைனரின் இரண்டு பாரையும் கழற்றி, துரு துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். அழகாக இருந்தது. காய்ந்ததும் எது வலது, எது இடது என்று யோசிக்கவே இல்லை, இரண்டும் ஒரே நீளம்தானே என்று மாட்டிவிட்டேன். கார் மட்டமாகத்தான் வெளியே போனது. சில வாரத்தில் முன்பக்கம் இரண்டும் இறங்கி, முகம் குப்புற விழுந்த மாதிரித் திரும்பி வந்தது. ஒரு பக்கமாகவே முறுக்கி முறுக்கிப் பழகிய பாரை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் அது நிற்காது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடை முதலாளியான தவுக்கே என்னைத் திட்டவில்லை. சாமி மேடையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்து வந்து வலது பாரில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார், அவ்வளவுதான். புதிய பாருக்கான காசை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் எந்தக் காரின் பாரைக் கழற்றினாலும் முதலில் சிவப்பு நூல்தான்.

இன்னொன்று, பாரைப் பைப் ஸ்பேனரால் பிடிக்கக் கூடாது, உளியால் தட்டக் கூடாது. நகம் கீறிய அளவு தழும்பு போதும், முறிவு அங்கேதான் தொடங்கும். ஏற்கெனவே ஆழமான தழும்பு இருந்தால் அந்தப் பாரைத் தூக்கிப் போடுங்கள், அப்பா வாங்கியது என்றாலும் சரி.

பிரித்ததெல்லாம் பிரித்தபடி இருக்கும்போது கீழ் டிரன்னியனைப் பார்க்காமல் மூடாதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் மறை அதற்குள்தான் ஓடுகிறது. கிரீஸ் காணாமல் தேய்ந்தால் ஒருநாள் மறை பிடுங்கிக்கொண்டு, சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் நடக்கும், அதுவும் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிலிங் மாதிரி நட்டநடுத் தெருவில். கார் மட்டமாக நிற்பதைவிட எனக்கு அந்தக் கிரீஸ் முக்கியம்.

பூட்டும்போது ரப்பர் புஷ் உள்ள நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி வையுங்கள். கார் தரையில் தன் எடையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் ஆர்மில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, தானும் ஒரு ஸ்பிரிங்காக மாறி உங்கள் அளவைக் கெடுக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். அப்புறம் ஒரு வாரம் ஓட்டுங்கள். பினாங்குப் பாலம் ஏறித் தீவுக்குப் போய் வாருங்கள். பிறகு அளங்கள். உயரம் மாறினால் டோ-இன்னும், அதாவது முன் சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவும், மாறியிருக்கும். மைனருக்கு அது ஓர் அங்குலத்தில் 32-ல் 3 பங்கு. கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்து நிற்கும் அளவு, அதைத் திருத்த இந்தக் காரில் இடமில்லை, டயர் கடைக்காரர் அதற்கும் சேர்த்துக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஹெட்லைட்டையும் இறக்க வேண்டியிருக்கும்.

எதுவரை திருத்துவது என்று கேட்டால், காரில் யாரும் இல்லாதபோது ஒரு விரல் கனத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நான் தொடமாட்டேன். எப்போதும் நீங்கள் தனியாகவே ஓட்டுபவர் என்றால், உங்கள் எடைக்கு அரிசி மூட்டைகளை ஓட்டுநர் சீட்டில் அடுக்கிவிட்டு அளப்பது இன்னும் நியாயம்.

கேள்வி: என் ஃபோக்ஸ்வாகன் பீட்டலின் முன்பக்கத்தை இறக்கிப் போட ஆசை. மைனர் மாதிரி லீவரைத் திருப்பினால் போதுமா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: போதாது. பீட்டலிலும் டோர்ஷன்தான், ஆனால் ஒற்றைக் கம்பியில்லை. குறுக்கே இரண்டு குழாய், ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய பட்டைகளின் கட்டு. நடுவில் ஒரு திருகால் அமுக்கிப் பிடித்திருக்கும், திருப்ப வழி வைக்கவில்லை. குழாயின் நடுவை வெட்டி, திருத்தும் பாகத்தை வெல்டிங் செய்தால்தான் உயரம் மாறும். வெல்டிங் செய்பவர் கையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஏனென்றால் அந்தக் குழாயில்தான் உங்கள் முன் சக்கரங்கள் தொங்குகின்றன. பால்-ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) வைத்த பிந்திய பீட்டலை அதிகம் இறக்கினால் ஜாயிண்ட் தன் எல்லையில் முட்டும். உங்களுடையது 1302 அல்லது 1303 என்றால் இது எதுவும் பொருந்தாது, அதில் முன்னால் ஸ்ட்ரட், சுருள் ஸ்பிரிங்கும் அப்சர்பரும் சேர்ந்த தூண். தண்ணீர்மலைப் பக்கம் வேகத்தடை எத்தனை என்று எண்ணிவிட்டு இறக்குங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற 1967 மினி. ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா ஐயா?
வாசகி, செபராங் ஜெயா

பதில்: அம்மா, அந்தக் கார் இரும்பு ஸ்பிரிங்கில் நிற்பதில்லை. இதுவும் இசிகோனிஸ் வரைந்ததுதான். 1959-ல் வந்தபோது அலெக்ஸ் மவுல்டன் செய்த ரப்பர் கூம்புகளில் நின்றது. 1964-ல் மினி சலூனுக்கு ஹைட்ரோலாஸ்டிக் வந்தது, ரப்பரோடு உள்ளே திரவமும் உண்டு. அதில் ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு குழாயால் இணைந்திருக்கும். உங்களுடையது எது என்று கடிதத்தில் தெரியவில்லை. தாழ்ந்திருப்பது முன்பக்கம் மட்டுமா, அல்லது அதே பக்கத்துப் பின்பக்கமும் சேர்ந்தா? இரண்டும் என்றால் திரவம் கசிந்திருக்கிறது. கசிவை அடைத்து, அதற்கான பம்ப் வைத்திருப்பவரிடம் அழுத்தம் ஏற்ற வேண்டும். முன்பக்கம் மட்டும் என்றால் ரப்பர் கூம்பு அமுங்கியிருக்கும். பின் சக்கரத்தையும் அளந்து எழுதுங்கள், காரின் அடியில் அந்தக் குழாய் தெரிகிறதா என்றும் யாரையாவது குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.