களை விதை யாருக்குச் சாப்பாடு? – கேள்வி பதில்

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் சில்லை என்ற சின்னக் குருவிகளின் கூட்டம் மேய்வதைப் பற்றி எழுதியபோது, களைச்செடியின் விதைதான் அவற்றுக்குப் பெரிய தீனி என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மணலியிலிருந்து: அண்ணா, வயலில் அவ்வளவு நெல் சிந்திக் கிடக்கும்போது குருவி ஏன் புல் விதையைத் தேடிப் போகிறது?

சிந்திய நெல் ரொம்ப நாள் இருக்காது தம்பி. எலி தின்னும், புறா தின்னும், ஈரம் பட்டால் முளைத்துவிடும். களை விதை அப்படி ஒரே நாளில் கொட்டித் தீராது, ஒரே கதிரில் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்து உதிரும், அதனால் வாரக்கணக்கில் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். நெல் வயலில் வரும் குதிரைவாலிப் புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் குதிரைவாலி அரிசிக்கு அது காட்டு உறவு. நமக்குச் சத்தானது சில்லைக்கும் சத்தானதுதானே! புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை மாதிரிச் சின்ன அலகுக்காரர்களுக்குச் சின்ன விதையை உரித்துத் தின்பது சுலபம். இதோடு கோரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை விதைகளும் உண்டு.

ஒன்று மட்டும் கவனியுங்கள். விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆனால் குருவிக்கு எட்டுவது மேலே கிடக்கிற விதைதான். உழுத மறுநாளே பெரும்பகுதி புதைந்து போகும். அதனால் களை இருந்ததா என்பதைப் போலவே, அறுவடைக்கு எத்தனை நாள் கழித்து உழுதார்கள் என்பதும் முக்கியம்.

வியாசர்பாடியிலிருந்து, கல்லூரி மாணவி: இங்கிலாந்தில் இதை வைத்துப் பெரிய ஆராய்ச்சியே நடந்ததாமே, சார்?

ஆமாம்மா. அங்கே 1970க்குப் பிறகு விளைநிலப் பறவைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் விழுந்துவிட்டது. காரணங்கள் பல, ஆனால் குளிர்காலப் பட்டினி அதில் பெரியது. முன்பெல்லாம் அறுவடை முடிந்த தாள், அதாவது அறுத்த பயிரின் அடிக்கட்டை, குளிர்காலம் முழுக்க அப்படியே கிடக்கும், வசந்தத்தில்தான் உழுது விதைப்பார்கள். பிறகு இலையுதிர் காலத்திலேயே கோதுமை விதைக்கிற வழக்கம் பரவியது, களைக்கொல்லியும் சேர்ந்துகொண்டது, தாளும் போயிற்று, அதில் உதிர்ந்து கிடந்த விதையும் போயிற்று. குளிர்காலத்தின் கடைசி வாரங்களில், போன வருட விதை தீர்ந்து புது விதை வராத நேரத்தில், பறவைகள் செத்தன.

எனக்குப் பிடித்த கதை சர்ல் பன்டிங் என்ற மஞ்சள் குருவியுடையது. 1989-ல் அந்த நாட்டில் 118 ஜோடிதான் மிச்சம், கிட்டத்தட்ட எல்லாமே டெவன் பகுதியில். பார்லி அறுத்த தாளைக் குளிர்காலம் முடியும்வரை உழாமல் விட விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்தது, வேலி ஓரப் புதர்களையும் புல்வெளிகளையும் காத்தார்கள். 2016-ல் எண்ணியபோது ஆயிரம் ஜோடியைத் தாண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. நமக்குப் பனி மூடாது. வடகிழக்குப் பருவமழையில் முளைத்த புல் மார்கழி, தை மாதங்களில்தான் விதை பிடிக்கிறது, அப்போது குருவிக்கு விருந்து. கோடைதான் சோதனை. தையில் உதிர்ந்த விதை தரைமேல் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதே நம் ஊர்க் கேள்வி.

பொன்னேரியிலிருந்து, விவசாயி: களையை விட்டால் மகசூல் போகும். குருவி நெல்லையும் தின்னுது. நான் ஏன் விடணும்?

ஐயா, நீங்கள் சொல்வது இரண்டுமே உண்மை. நெல் பால் பிடிக்கும்போது சில்லையும் தூக்கணாங்குருவியும் கதிரில் உட்காரும், மறுக்க முடியாது. நட்ட வயலில் முதல் 45 நாளைக்குக் களையை விடவே விடாதீர்கள், மகசூல் அங்கேதான் அடிபடும். நான் கேட்பது வயலுக்குள் அல்ல, வரப்பு ஓரத்தில் ஒரு முழம். அங்கே களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். அப்புறம் சம்பா அறுத்ததும் அடுத்த நெல் பட்டமான நவரைக்கு எல்லா வயலையும் ஒரே வாரத்தில் உழாமல், கடைசியாக உழப் போகிற ஒரு துண்டை இரண்டு மூன்று வாரம் தாளோடு விட்டுப் பாருங்கள். வரப்புப் புல் உங்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தால், விதை பிடித்து உதிர்ந்த பிறகு அறுத்து மாட்டுக்குப் போடலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து: மாடியில் அரிசி போடுகிறேன், சிட்டுக்குருவிக்கு அது போதுமா?

போடுங்க அக்கா, கம்பும் தினையும் கலந்து போட்டால் இன்னும் நல்லது. ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேண்டும், அது அரிசியில் கிடைக்காது. நாலு தொட்டியில் குப்பைக்கீரையை வளர்த்து, பறிக்காமல் பூத்து விதை உதிரும்வரை விட்டுவிடுங்கள். இலைக்குப் புழு வரும், பிறகு விதையும் கிடைக்கும்.

மாதவரத்திலிருந்து: கூண்டில் சில்லை விற்கிறார்கள், வாங்கலாமா?

வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கொடுங்கையூரிலிருந்து: பக்கத்துக் காலிமனையில் புல் ஆளுயரம். பாம்புக்குப் பயந்து வெட்டச் சொல்கிறார்கள்.

பயம் நியாயமானது, குழந்தைகள் விளையாடும் பக்கமும் நடைபாதையும் உடனே வெட்டுங்கள். பின்சுவர் ஓரத்தை மட்டும் மாசி வரை விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காலை ஆறரை மணிக்கு அக்கம்பக்கத்தாரை மாடிக்குக் கூட்டிப்போய், புல் தண்டு வளைய வளையத் தொங்கிக்கொண்டு சில்லைகள் தின்பதை ஒருமுறை காட்டுங்கள்.