கொல்லைக் கதவைத் திறந்தால் குளம்: சின்னப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மன்னார்குடி பக்கம் மாமனார் வீடு. காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு போகிறோம். கொல்லைக் கதவைத் திறந்தால் முப்பது நாற்பது அடியில் குளம், அதைத் தாண்டினால் வாய்க்கால். மகளுக்கு ஏழு வயது, சென்னையில் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். மகனுக்கு இரண்டரை. அவனையும் வகுப்பில் சேர்த்துவிட்டால் பயமில்லாமல் இருக்கலாமா? மாமியாரிடம் கேட்டால், 'நாங்க எல்லாரும் இந்தக் குளத்துலதான் வளர்ந்தோம், ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றாங்க."

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயதுப் பையனை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதைவிட, அந்தக் கொல்லைக் கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுவது எவ்வளவோ மேல். வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, சேருங்கள், தண்ணீர் பழகட்டும். ஆனால் அதை நம்பி ஒரு நிமிடம்கூட அவனைக் குளத்துப் பக்கம் விடாதீர்கள். நீலத் தொட்டியில், தெளிந்த தண்ணீரில், மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது மிதக்கிற பிள்ளை, சட்டை டவுசரோடு சேற்றுக் குளத்தில் தலைகுப்புற விழும்போது அதே மாதிரி மிதக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நாம் குளிக்கக் கூட்டிப்போகும்போது மூழ்குவதில்லை. அப்போது நம் கை அவர்கள் மேலேயே இருக்கிறது. அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள் என்று நாம் நினைத்தே பார்க்காத நேரத்தில்தான் மூழ்குகிறார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், போனில் பேச்சு நீள்கிறது, அந்த ஐந்து நிமிடத்தில். நம் டெல்டாவைப் போலவே வீட்டுக்கு வீடு குளம் உள்ள பங்களாதேஷில் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் மூழ்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணிக்குள், வீட்டுக்கு மிக அருகிலேயே உள்ள குளத்தில் அல்லது பள்ளத்தில் விழுகிறார்கள். அப்பா வேலைக்குப் போயிருப்பார், அம்மா சமையலில் இருப்பார். அதனால் அங்கே கைக்கொண்ட வழி என்ன தெரியுமா? அந்தச் சின்னஞ்சிறுசுகளை, அந்த நேரத்துக்கு மட்டும், கிராமத்திலேயே பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் ஒரு வீட்டில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்வது. நீச்சல் பாடம் அதற்கு மேல் வயதுள்ள பிள்ளைகளுக்குத்தான். நம்மூர் அங்கன்வாடி மாதிரிதான், ஆனால் உயிர் காக்கும் ஏற்பாடாகவே அதை நடத்துகிறார்கள், பலனும் நன்றாகவே கிடைத்திருக்கிறது. உலகம் முழுக்க என்று எடுத்தால், 2021இல் சுமார் மூன்று லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை.

இப்போது மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வளர்ந்த குளம் வேறு, இப்போது இருக்கிற குளம் வேறு. அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை படித்துறையில் யாராவது இருப்பார்கள். துணி துவைப்பவர், மாடு கழுவுபவர், குளிக்க வந்தவர் என்று பத்துக் கண் எப்போதும் தண்ணீர் மேல் இருந்தது. ஒரு பிள்ளை வழுக்கினால் யாரோ ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கிவிடுவார். இன்று வீட்டுக்கு வீடு மோட்டாரும் பாத்ரூமும் வந்துவிட்டன, குளம் பகல் முழுக்க ஆளில்லாமல் கிடக்கிறது. இன்னொன்று, பல குளங்களை இயந்திரம் வைத்துத் தூர்வாரியிருக்கிறார்கள், வண்டல் மண்ணும் அள்ளியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மெல்ல ஆழமான கரை, இப்போது சில இடங்களில் செங்குத்தாக ஆளுயரத்துக்கு இறங்குகிறது. மேலே ஆகாயத்தாமரையோ பாசியோ மூடியிருந்தால், சின்னப் பிள்ளை கண்ணுக்கு அது புல்தரை. ஓடிப் போய்க் கால் வைத்துவிடும். மாமியாரிடம் "நீங்க சொல்றது தப்பு"ன்னு ஆரம்பிக்காமல், "அத்தை, போன தடவை தூர்வாரினப்ப எவ்வளவு ஆழம் எடுத்தாங்க?"ன்னு கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், மூழ்கும் குழந்தை கத்தாது. சினிமாவில் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று அலறுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்கவே போதாது, குரல் எங்கிருந்து வரும். குட்டிப் பிள்ளை தண்ணீரைத் தட்டிச் சத்தம்கூட எழுப்பாமல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடலாம். ஆகவே "சத்தம் கேட்டா ஓடிடலாம், பக்கத்துலதானே இருக்கேன்" என்கிற கணக்கு எடுபடாது. காலில் சலங்கை வைத்த கொலுசு போடுவது நல்லதுதான், பிள்ளை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். ஆனால் சத்தம் நின்றுபோனது நமக்கு எப்போது உறைக்கும் என்பதுதான் கேள்வி.

சரி, செய்ய வேண்டியது. ஊருக்குக் கிளம்பும் முன்பே மாமனாரிடம் போனில் சொல்லிவிடுங்கள். கொல்லைக் கதவில் ஐந்தடி உயரத்தில் தாழ்ப்பாளோ கொக்கியோ வேண்டும். பெரியவர்கள் நாளுக்கு ஐம்பது தடவை அந்த வழியாகப் போய்வருவார்கள், ஒவ்வொரு தடவையும் தாழ் போடுவார்களா என்றால் மாட்டார்கள். அதனால் கதவை மட்டும் நம்பாமல், கொல்லைக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு வேலி. மொத்தக் குளத்தையும் வளைக்க வேண்டியதில்லை, வீட்டுப் பக்கம் பிள்ளை சுற்றிக்கொண்டு போக முடியாதபடி இருந்தால் போதும். நாலடிக்குக் குறையாத உயரம், இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, குறுக்குக் கம்பு வைத்தால் அது ஏணி ஆகிவிடும் என்பதால் மூங்கிலை நட்டுக்குத்தலாக அடியுங்கள். நெருக்கமாக அடித்த மூங்கில் தட்டியும், தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்துக் கட்டிய படலும் போதும். பச்சை நிழல்வலையைக் கட்டிவிட்டு வேலி என்று சொல்லாதீர்கள், அது இரண்டு நாளில் தொய்ந்துவிடும், அடியில் நுழைந்து போய்விடுவான். வேலி ஓரமாக நாற்காலி, கவிழ்த்த அண்டா, விறகுக் கட்டு எதுவும் கிடக்கக் கூடாது.

அடுத்தது யார் பார்த்துக்கொள்வது என்பது. வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம் என்பது என் அபிப்பிராயம். காதுகுத்து, கருமாதி, தீபாவளி என்று வீடு நிறைந்திருக்கிற நாளில் அம்மா பாட்டியிடம் இருக்கிறான் என்று நினைப்பார், பாட்டி சித்தப்பாவிடம் என்று நினைப்பார், சித்தப்பா திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருப்பார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஆள், பெயர் சொல்லி: "மாமா, இப்போ தம்பி உங்க பொறுப்பு, நான் குளிச்சுட்டு வர்றேன்." அவர் "சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நீங்கள் நகர வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் போன் கூடாது, குடித்திருக்கவும் கூடாது. குளக்கரைக்கே கூட்டிப்போனால் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும், படியில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போதாது. முக்கியமாக, "தம்பியைப் பாத்துக்கோடி" என்று ஏழு வயது மகளிடம் விட்டுவிடாதீர்கள். அவளும் குழந்தை. தம்பி விழுந்தால் அவளும் பின்னாலேயே குதிப்பாள், ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் போன செய்தியை எத்தனை தடவை பேப்பரில் படிக்கிறோம்.

குளத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். தவழ்கிற, தத்தி நடக்கிற பிள்ளைக்குத் தலைதான் கனம், பாதி நிறைந்த பக்கெட்டில் எட்டிப் பார்த்தால் குப்புறக் கவிழும், திரும்ப எழத் தெரியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். போன அன்றே வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள்: சம்ப் மூடி இருக்கிறதா, மாட்டுத் தொட்டி எங்கே, கிணற்றுக்குச் சுவர் எத்தனை அடி, மேலே கம்பி வலை உண்டா, கீற்று ஊறப்போட்ட பள்ளம் இருக்கிறதா. பக்கத்து வயலில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை இருந்தால் அதற்குத் தனியாகப் பயப்படுங்கள். அந்த விரிப்பு ஈரமானால் பெரிய ஆளே ஏறி வர முடியாது, வழுக்கி வழுக்கி உள்ளேதான் போவார். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றையும் பழைய டியூப் ஒன்றையும் கரையில் கட்டி உள்ளே தொங்கவிடச் சொல்லுங்கள்.

வாய்க்கால் விஷயத்தில் சென்னையிலிருந்து போகிறவர்களுக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. டெல்டாவில் பல நேரம் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் நண்டு பிடித்து விளையாடின காய்ந்த வாய்க்காலில் வியாழக்கிழமை இடுப்பளவு ஓடும். "நேத்து தண்ணியே இல்லையே" என்பது அங்கே செல்லாது. பாமணி ஆற்றங்கரைக்கோ, கல்லணைக் கால்வாய்க்கோ சுற்றிப்பார்க்கப் போனால் பிள்ளையைத் தூக்கியே வைத்திருங்கள், இறக்கிவிட வேண்டாம். புது ஆறு என்று தஞ்சாவூர்க்காரர்கள் சொல்கிற அந்தக் கால்வாயில் கான்கிரீட் போட்ட இடங்களில் சரிவில் பிடித்து ஏற ஒன்றுமே இல்லை. கடலைப் பற்றி இங்கே எழுதவில்லை, அது தனிக் கதை.

மகளுக்கு? ஏழு வயது கற்றுக்கொள்ள நல்ல வயது. வகுப்பில் எத்தனை நீளம் போகிறாள் என்று கேட்காதீர்கள். மல்லாந்து மிதக்கத் தெரியுமா, எதிர்பாராமல் விழுந்தால் திரும்பி விளிம்பைப் பிடிக்கத் தெரியுமா, சட்டை பாவாடையோடு ஒரு தடவை மிதந்து பார்த்திருக்கிறாளா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். ஊரில் குளத்தில் இறங்க ஆசைப்பட்டால் நீச்சல் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இறங்க வேண்டும், இறங்குவதற்கு முன் ஒரு மூங்கிலை விட்டுக் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும். பாசிப் படியில் வழுக்கி அந்தக் கடைசிப் படியைத் தாண்டுவதுதான் நிறைய நடக்கிறது. பழைய முறையில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றைக் கரையில் ஒருவர் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுப்பார்களே, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கயிற்றைப் பிடித்த ஆள் கயிற்றிலேயே கவனமாக இருக்கும் வரை. கையில் மாட்டுகிற ஊதுகிற பலூன் பட்டைகளை மட்டும் நம்பாதீர்கள், அவை விளையாட்டுச் சாமான். அவளுக்கு ஒரு விஷயத்தை ஒத்திகையே பார்த்துவிடுங்கள்: யாராவது தண்ணீரில் விழுந்தால் நீ குதிக்கக் கூடாது, கத்தணும், மிதக்கிற எதையாவது வீசணும், ஓடிப் போய்ப் பெரியவர்களைக் கூப்பிடணும். மூடி இறுக்கின காலி ஐந்து லிட்டர் கேன், கவிழ்த்துப் பிடித்த பிளாஸ்டிக் குடம், எல்லாம் மிதக்கும். பெரியவர்களுக்கும் இதேதான், நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம், புடவையோ வேட்டியோ கயிறோ மூங்கிலோ நீட்டுங்கள், படுத்துக்கொண்டு நீட்டினால் நீங்கள் எளிதில் இழுபட மாட்டீர்கள்.

பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். கட்டிலடி, பக்கத்து வீடு, தெரு எல்லாம் அப்புறம். தெருவில் இருந்தால் பத்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தாலும் கிடைப்பான். மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

தூக்கிய பிறகு நம் ஊரில் செய்கிற சில காரியங்களை நிறுத்த வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி உப்பில் புதைத்து வைப்பது, எதுவும் உதவாது, நேரம்தான் போகும். நுரையீரலில் போன தண்ணீரைக் கொட்டிவிடுவது நம் வேலை இல்லை, காற்றை உள்ளே அனுப்புவதுதான் வேலை. தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, சரியாக மூச்சும் இல்லை என்றால், தாடையை மெல்ல நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஐந்து முறை ஊதுங்கள். அப்புறமும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்துங்கள், பிறகு இரண்டு முறை ஊதுங்கள், மறுபடி 30. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். கூட ஆள் இருந்தால் அவர் 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது பாதிதான், பொம்மை வைத்துச் சொல்லித்தரும் முதலுதவி வகுப்பு சென்னையில் கிடைக்கிறது, கிளம்பும் முன் நீங்களும் உங்கள் கணவரும் ஒரு அரை நாள் போய்வந்துவிடுங்கள்.

மூச்சு திரும்பி, அழுது, பால் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தண்ணீர் நுரையீரலுக்குப் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். இருமல் விடாமல் இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ "தண்ணி குடிச்சதால அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் படுக்கவைத்துவிடாதீர்கள். இரவாக இருந்தாலும் சரி, அப்போதே கிளம்புங்கள். அதற்காகவே, போன அன்று மாமனாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரியில் குழந்தை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எது, கார் யாரிடம் இருக்கிறது.