காய்ச்சல் சீட்டும் கர்ப்பிணி அட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 9. பூச்சி மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. (கொருக்குப்பேட்டை)

ப: பயப்படாமல் விழுங்குங்கள். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டால் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு வேளை தருவது வழக்கம்தான். குடலில் கொக்கிப்புழு ரத்தம் குடித்துக்கொண்டிருந்தால் இரும்பு மாத்திரை ஓட்டைக் குடத்து நீர். அதற்காக இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டீயோடு சேர்த்தும் விழுங்காதீர்கள்.

கே: மனைவிக்குக் காய்ச்சல். நல்ல மாத்திரை சொல்லவும். (தண்டையார்பேட்டை)

ப: எத்தனை நாளாக? கர்ப்பமா, இல்லையா? எதையும் எழுதாமல் மாத்திரை மட்டும் கேட்கிறீர்கள். எத்தனை முறை சொல்வது: மாத்திரைக்கு முன் மாதவிடாய்த் தேதி! பாராசிட்டமால் தவிர எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் புரூஃபென் வகை வலி மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும். இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கே: கர்ப்பத்தில் வைவாக்ஸ் மலேரியா வந்து குணமானது. குழந்தைக்கு இப்போது 8 மாதம். மறுபடி குளிர் காய்ச்சல். கால்வாய்க் கொசுதானே காரணம்? (காசிமேடு)

ப: கால்வாயைத் திட்டுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. நகரத்து மலேரியாக் கொசு, மூடாத மேல்தொட்டியிலும் கிணற்றிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஆனால் உங்களுக்குப் புதிதாகக் கொசு கடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வைவாக்ஸ் கிருமி ஈரலில் உறங்கும், மாதங்கள் கழித்தும் விழித்துக் காய்ச்சல் தரும். மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதை மட்டுமே அழிக்கும். ஈரலில் இருப்பதைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் வேண்டும். அதைக் கர்ப்பிணிக்குத் தருவதில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பாலூட்டும் தாய்க்கும் பொதுவாகத் தருவதில்லை. சரியான எச்சரிக்கைதான். என் கோபம் அதன் பிறகு நடப்பதைப் பற்றி. தள்ளிவைத்த மருந்தை யார் நினைவில் வைக்கிறார்கள்? காய்ச்சல் சீட்டு ஓரிடம், கர்ப்பிணி அட்டை வேறிடம். பிரசவமானதும் அட்டை பீரோவுக்குள் போய்விடும். பிறகு குழந்தையின் தடுப்பூசிக்காக அதே தாய் மூன்று, நான்கு முறை வந்து நிற்கிறாள். 'உனக்கு ஒரு மருந்து பாக்கி' என்று சொல்ல ஆளில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அட்டையின் மேல் சிவப்பு மையில் 'பாக்கி' என்று எழுதச் சொன்னேன். அட்டை அசிங்கமாகிறதாம்! நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இப்போது ரத்தப் பரிசோதனை, கூடவே ரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியின் அளவு. அது குறைவாக இருப்பவருக்குப் பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைக்கும். இன்னொரு கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். மாதவிடாய்த் தேதி, மறக்க வேண்டாம்.

கே: கணவர் வேலையால் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் ஆறு ஆண்டு இருந்தோம். ஏரியில் குளிப்போம். உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது. பால்வினை நோய் மருந்து பலிக்கவில்லை. (திருவொற்றியூர்)

ப: ஏரியைக் குறிப்பிட்டீர்களே, நன்றி. அங்குள்ள நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழுவின் முட்டைகள் பிறப்புறுப்பிலும் கர்ப்பப்பை வாயிலும் தங்கும். பால்வினை நோய் என்றே பலரும் தவறாக நினைப்பார்கள். மருந்து பிராசிகுவான்டெல். வட சென்னை மருத்துவருக்கு இது உடனே தோன்றாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்போதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் புழுவின் தலையில் கட்டிவிட முடியாது.

கே: யானைக்கால் சந்தேகம். காலையில் ரத்தத்தடவல் எடுத்தோம், கிருமி இல்லை. நிம்மதியாக இருக்கலாமா? (வியாசர்பாடி)

ப: கூடாது. அந்தக் கிருமி இரவு பத்து மணிக்கு மேல்தான் ரத்தத்தில் நடமாடும். இரவில் எடுங்கள், இல்லையேல் கிருமி விட்ட புரதத்தை ரத்தத்தில் தேடும் ஆன்டிஜென் அட்டைப் பரிசோதனை, அதற்கு நேரம் காலம் கிடையாது.