சரிபார்த்த விடை எப்படித் தப்பாகும்?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ‘ஒரு பேனாவும் இரண்டு பென்சிலும் 20 ரூபாய், மூன்று பேனாவும் ஒரு பென்சிலும் 40 ரூபாய், தனித்தனி விலை என்ன?’ என்ற கணக்குக்குப் பேனா 4, பென்சில் 8 என்று எழுதி, 4 + 16 = 20 என்று சரிபார்த்தும் காட்டியிருக்கிறாள். ஆசிரியர் தப்பு என்று அடித்துவிட்டார். சரிபார்த்த விடை எப்படித் தப்பாகும்?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா,

கேட்காமலே சரிபார்க்கிற பிள்ளை. முதலில் அதற்காக அவளைப் பாராட்டுங்கள். ஆனால் சாட்சி இரண்டு பேர் இருக்க, ஒருவரை மட்டும் விசாரித்திருக்கிறாள். இரண்டாவதில் போட்டுப் பாருங்கள்: மூன்று பேனா 12, ஒரு பென்சில் 8, ஆக 20. வரவேண்டியது 40.

தப்பு எங்கே நுழைந்தது என்று ஊகிக்க முடிகிறது. பென்சிலை நீக்க இரண்டாவது சமன்பாட்டை 2 ஆல் பெருக்கியிருப்பாள். இடப்பக்கம் ஆறு பேனா, இரண்டு பென்சில் ஆகிவிட்டது. வலப்பக்கத்து 40 மட்டும் 80 ஆகாமல் அப்படியே நின்றுவிட்டது. அதிலிருந்து முதல் சமன்பாட்டைக் கழித்தால் ஐந்து பேனா 20 ரூபாய், ஒரு பேனா 4.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த 4-ஐ முதல் சமன்பாட்டில் போட்டுத்தான் பென்சில் 8 என்று எடுத்திருக்கிறாள். திரும்ப அதே சமன்பாட்டில் போட்டால் 20 வராமல் எங்கே போகும்? பேனா 10 என்று வந்திருந்தால் பென்சில் 5 ஆகி, அப்போதும் 20 வந்திருக்கும். பேனா 16 என்றால் பென்சில் 2. வரைபடத்தாளில் இவை எல்லாமே முதல் நேர்கோட்டின் மேல் வரிசையாக உட்காரும் புள்ளிகள். இரண்டாவது கோடு அதை வெட்டும் ஒரே இடம் (12, 4). 12 + 8 = 20, 36 + 4 = 40. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகிறது.

ஆகவே பென்சில் விலையை எந்தச் சமன்பாட்டில் எடுத்தாளோ, அதை விட்டு மற்றதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் வினாத்தாளில் உள்ளபடி. பெருக்கி எழுதிய வரியில் போட்டால் 24 + 16 = 40 என்று வந்து, இந்தத் தப்பு விடையும் சரி போலவே தெரியும்!

மாறிகள் மூன்று என்றால் மூன்று சமன்பாட்டிலும் பார்க்க வேண்டும். சீனாவின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய கணித நூலில் ஒரு கணக்கு உண்டு. முதல் தரம், நடுத்தரம், கடைத்தரம் என்று தானியக் கதிர்க்கட்டுகள். முறையே 3, 2, 1 கட்டு எடுத்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 எடுத்தால் 34. 1, 2, 3 எடுத்தால் 26. கட்டுக்கு 9¼, 4¼, 2¾ என்பது விடை. முதல் வரியை நானே போட்டுப் பார்த்துவிட்டேன்: 27¾ + 8½ + 2¾ = 39. மற்ற இரண்டும் உங்கள் மகளுக்கு.