உங்களுக்கு எடுப்பான கலர் எது? சாயப்பட்டறை அக்காவிடம் கேள்வி பதில்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேட் பார்ப்பது என் வேலையாக இருந்தது. பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து, அதே கலரைக் கையகலத் துணியில் ஏற்றி, ஏ, பி, சி என்று இரண்டு மூன்று ஆப்ஷன் அனுப்புவோம். லேப் டிப் என்பார்கள். ஆளுக்கு ஏற்ற கலர் சொல்லும் படிப்பு எதுவும் நான் படித்ததில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கலர் சொல்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய லேப் டிப் பார்க்கிற வேலைதான். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவி): அக்கா, கோயமுத்தூரில் ஒரு இடத்தில் கலர் அனாலிசிஸ் செய்கிறார்கள். சில ஆயிரம் ஆகுமாம். என் தோழி போய்வந்து "நான் ஆட்டம்" என்கிறாள். அப்படியென்றால் என்ன? வீட்டிலேயே பார்க்க முடியாதா?

பதில்: முடியும் கண்ணு. ஆட்டம் என்றால் இலையுதிர் காலம். எந்தக் கலர் பொருந்தும் என்று பார்த்து ஆட்களை நான்கு பருவமாகப் பிரிக்கும் இந்தக் கணக்கை 1980இல் வந்த ஓர் அமெரிக்கப் புத்தகம் ஊரெல்லாம் பரப்பியது. கருமுடியும் கருவிழியும் உள்ள நம்மவர்களை அந்தப் பழைய கணக்கு பெரும்பாலும் விண்டரில், அதாவது குளிர்காலத்தில்தான் சேர்க்கும். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டால் அந்தப் பிரிவினால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அப்புறம் அதைப் பன்னிரண்டாக உடைத்தார்கள். பெயர் கிடக்கட்டும். அதற்கு அடியில் இருப்பது மூன்றே விஷயம். கலர் மஞ்சள் பக்கம் சாய்கிறதா, நீலப் பக்கமா? டார்க்கா, லைட்டா? பளிச்சென்று இருக்கிறதா, மங்கலா? பட்டறையில் டோன், டெப்த், பிரைட் என்போம். மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் 1905இலேயே கலரை இப்படி மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டார்.

வீட்டில் செய்யும் முறை இது. காலை 9 மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்காருங்கள். வடக்கு ஜன்னல் இருந்தால் ரொம்ப நல்லது. லைட்டையெல்லாம் அணைத்துவிடுங்கள். முகம் கழுவியிருக்க வேண்டும், பவுடர் கூடாது. மஞ்சள் பூசிக் குளிக்கிற வழக்கம் இருந்தால் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் மஞ்சளுக்குத்தான் கலர் பார்த்ததாகும். தலைக்கு டையோ மருதாணியோ போட்டிருந்தால் முடியை வெள்ளைத் துண்டால் கட்டிவிட வேண்டும். போட்டிருக்கும் சுடிதார் கலர் தெரியாதபடி தோள்மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இனி சேலைகளை எடுங்கள். ஜரிகையும் பூவும் இல்லாத பிளெயின் பகுதிதான் வேண்டும். தாடைக்குக் கீழே ஒட்டினாற்போல் பிடிக்கணும். எப்போதும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும், ஒரே கலரை வைத்துக்கொண்டு "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். முதல் ஜோடி மிளகாய்ப்பழச் சிவப்பும் ராணி பிங்க்கும். ஒன்று மஞ்சள் சாய்ந்தது, மற்றது நீலம் சாய்ந்தது. அடுத்தது அரக்கும் வெளிர் ரோஸும், டெப்த்துக்காக. மூன்றாவது கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும். இது பளிச்சா மங்கலா என்று பார்க்க. துணி மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு, மாற்றியதும் திறந்து கண்ணாடியைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது துணியை இல்லை, முகத்தை. துணியில் பட்ட வெளிச்சம் தாடையிலும் கன்னத்தின் அடியிலும் ஏறும். பொருந்தாத கலர் வரும்போது கண்ணுக்கடியில் உள்ள கருமை கூடும், வாயோரத்தில் நிழல் விழும், தோல் திட்டுத்திட்டாகத் தெரியும். பொருந்தினால் தாடைக்கோடு தெளிவாகி, தோல் ஒரே சீராக இருக்கும். கண்ணைத் திறந்ததும் பார்வை முதலில் துணிமேல் போனால் அந்தத் துணியைக் கீழே வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது, ஆனால் "உனக்கு எதுவும் நல்லாருக்கும் சாமி" என்று சொல்லும் அம்மாயியை மட்டும் கூப்பிட வேண்டாம்.

கேள்வி (பொள்ளாச்சி): நீங்கள் சொன்னபடியே செய்தேன். எங்கள் வீடு தோப்புக்குள் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் எந்தக் கலரிலும் முகம் சோர்ந்துதான் தெரிகிறது.

பதில்: தென்னந்தோப்புக்குள் வருகிற வெளிச்சமே பச்சை கலந்தது. அதில் யாரை உட்காரவைத்தாலும் காய்ச்சலில் எழுந்து வந்தவர் மாதிரிதான் இருப்பார். பச்சைப் பெயிண்ட் அடித்த சுவரும் இதையே செய்யும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போங்கள், முகம் வானத்தைப் பார்க்கட்டும்.

கேள்வி (சென்னிமலை): மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம் (மஞ்சள் பக்கம்), நீலமாகத் தெரிந்தால் கூல் (நீலப் பக்கம்) என்கிறார்களே, உண்மையா? எனக்கு இரண்டும் தெரியவில்லை.

பதில்: மாநிறத்துக்கு மேல் போனால் பலருக்கு நரம்பே சரியாகத் தெரியாது தம்பி. தெரிந்தாலும் அது எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துக் கலர் மாறும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தங்கச் சங்கிலியையும் வெள்ளிக் கொலுசையும் மாற்றி மாற்றிக் கழுத்தில் வைத்துப் பாருங்கள். தங்கம் எடுப்பாக இருந்தால் மஞ்சள் பக்கம், வெள்ளி என்றால் நீலப் பக்கம். அதுகூட இதைவிடத் தேவலாம். பளபளப்பான வெள்ளி, புதுத் தங்கம் என்று மெருகு ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறது என்றால் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். நிறையப் பேர் நடுவில்தான் இருக்கிறோம்.

கேள்வி (ஈரோடு): திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தையில் ஒரு சுடிதார் மெட்டீரியலும் அதற்கு மேட்சாகத் துப்பட்டாவும் எடுத்தேன். அங்கே ஒரே கலர். மறுநாள் வாசலில் பார்த்தால் ஒன்று நீலம், ஒன்று கத்தரிப்பூ. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லைங்க, வெளிச்சம் செய்த வேலை. இரண்டு துணியிலும் வேறு வேறு சாயக் கலவை. ஒரு லைட்டில் ஒன்றுபோலத் தெரியும், இன்னொரு லைட்டில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். எங்கள் தொழிலில் சரக்கு ரிஜெக்ட் ஆகிற காரணங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் ஒவ்வொரு லேபிலும் ஒரு லைட் பாக்ஸ் இருக்கும். டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 என்பது கடை டியூப்லைட், ஏ என்பது பழைய குண்டு பல்பு. மூன்றிலும் ஒத்துப்போனால்தான் ஷேட் ஓகே. கடையில் உங்களுக்கு அந்தப் பெட்டி கிடைக்காது. "வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லித் துணியை வாசலுக்கு எடுத்துப்போங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ராத்திரிச் சந்தையில் மேட்சிங் வாங்கவே வாங்காதீர்கள். வெள்ளையும் கருப்பும்கூட யோசித்து வாங்க வேண்டியதுதான். கருப்பிலும் நீலக் கருப்பு, பச்சைக் கருப்பு, செங்கருப்பு உண்டு.

கேள்வி (பெருந்துறை, ஆசிரியை): நான் நல்ல கருப்பு. கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே வெளிர் கலராக எடுத்துப் போடுகிறார்கள். "இதுதான் உங்களுக்குக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டும்" என்கிறார்கள். எனக்குப் பிடித்தது வாடாமல்லி. கட்டலாமா?

பதில்: கட்டுங்க டீச்சர். முதலில் அவர் சொல்லும் கணக்கே தலைகீழ். வெளிர் கலருக்குப் பக்கத்தில் வரும் எதுவும் இன்னும் டார்க்காகத்தான் தெரியும். அவர் எடுத்துப் போடுகிற பிஸ்தாவும் லேவண்டரும் உங்களை வெளுப்பாகக் காட்டாது, உங்கள் நிறத்தை இன்னும் ஆழமாகக் காட்டும். அது அழகாகவும் இருக்கலாம், அது வேறு பேச்சு. ஆனால் வெளுப்பாகத் தெரிவதற்காகத்தான் சேலை எடுக்க வருகிறோம் என்று அவர் எப்படி முடிவு செய்தார்? எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

தோலின் நிறம் ஆழமாக இருந்தால் பளிச் கலரைத் தாங்கும் சக்தி அதிகம் என்பதுதான் நான் பார்த்தவரை. வாடாமல்லி, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை எல்லாம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் நிமிர்ந்து நிற்கும். சில வெளுத்த முகங்களில் இதே கலர்கள் ஆளை மறைத்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் தோலின் டெப்த்திலேயே இருக்கும் மங்கலான பழுப்பு, காபி, சாம்பல் கலந்த பிரவுன். முகம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும். அதையும் ஜோடி வைத்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள், நான் சொன்னதற்காக வேண்டாம்.

கேள்வி (அதே ஆசிரியை): நன்றிங்க. ஒரு சந்தேகம். என்னிடம் ஒரே அரக்கு உடலில் இரண்டு நெகமம் காட்டன் சேலை இருக்கிறது. கருப்பு பார்டர் போட்டது எனக்கு எடுப்பாக இருக்கிறது, பச்சை பார்டர் போட்டது இல்லை. உடல் கலர் ஒன்றுதானே?

பதில்: கலர் ஒன்றுதான், கண் அப்படிப் பார்க்காது. பாரீஸில் கோப்ளன் என்ற பழைய திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரோல் என்ற வேதியியலாளர். கருப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று புகார் வர, அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த கலர்தான் கருப்பை மங்கலாகக் காட்டியது. 1839இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். பவானி ஜமக்காளத்தில் சிவப்புக் கோடு கருப்பை ஒட்டி வரும்போதும் பச்சையை ஒட்டி வரும்போதும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு இன்னும் துள்ளும். உங்களுக்கு அந்தத் துள்ளல் அதிகம் போலிருக்கிறது. பச்சை பார்டர் சேலைக்கு அரக்கு பிளவுஸே போட்டுவிடுங்கள், பச்சை கழுத்துப் பக்கம் வராது. முந்தானையை மட்டும் ஒற்றை மடிப்பாக விடாமல் பிளீட் எடுத்துக் குத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (காங்கேயம்): ஆம்பளைங்களுக்கு என்னங்க, வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டிதானே. எங்களுக்கும் ஏதாவது உண்டா?

பதில்: வெள்ளையிலேயே உண்டுங்க அண்ணா. பளீர் வெள்ளையில் ஆப்டிகல் வொய்ட்னர் ஏற்றியிருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தை வாங்கி நீலமாக விடும், அதனால்தான் வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. சொட்டு நீலம் போட்டால் அது இன்னும் நீலப் பக்கம் போகும். அடுத்தது ஹாஃப் ஒயிட், அப்புறம் சந்தனம், கடைசியில் வெளுக்காத காடாத் துணியின் கலர். நாலையும் வாசலில் வைத்துத் தாடைக்கடியில் பிடித்துப் பாருங்கள். சிலருக்குப் பளீர் வெள்ளை கண்ணுக்கடியில் உள்ள கருமையை மட்டும் எடுத்துக்காட்டும். அதே ஆள் ஹாஃப் ஒயிட்டில் தூங்கி எழுந்தவர் மாதிரி தெளிவாக இருப்பார். மற்றபடி திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் பிளெயின் டி-ஷர்ட் மலிவாகக் கிடைக்கும். வேறு வேறு கலரில் நாலைந்து வாங்கிவந்தால் ஜோடி பார்க்கவும் ஆச்சு, போட்டுக்கொள்ளவும் ஆச்சு.

கேள்வி (தாராபுரம்): அம்மாவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, டை போடுவதில்லை. "இனி எனக்கு எதுக்கு டார்க் கலர்" என்று லைட் கலராகவே எடுக்கிறார். கட்டினால் முகமே தெரியவில்லை.

பதில்: மாநிற முகத்துக்கு மேலே வெள்ளை முடி வந்துவிட்டால் கான்ட்ராஸ்ட் குறையாது, கூடும். அதனால் தெளிவான டார்க் கலர் அவருக்கு இப்போது நன்றாகவே நிற்கும். முன்பு பொருந்திய கடுகு மஞ்சள், செங்கல் கலர் போன்றவை இப்போது கொஞ்சம் தள்ளிப்போயிருக்கலாம், ஏனென்றால் வெள்ளை முடி நீலப் பக்கம் இழுக்கும். அரக்கு, கருநீலம், கத்தரிப்பூ மூன்றையும் பிடித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கட்டப்போவது அவர்.

கேள்வி (அவிநாசி, கல்யாணப் பெண்): முகூர்த்தத்துக்குச் சிவப்புப் பட்டு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்குச் சிவப்பு ஆகாது என்று எப்போதும் சொல்வார்கள். என்ன செய்ய?

பதில்: சிவப்பு ஆகாத ஆளை நான் பார்த்ததில்லை அம்மிணி, ஆகாத சிவப்பு உண்டு. மிளகாய்ப்பழம், ரத்தச் சிவப்பு, அரக்கு, குங்குமம், ராணி பக்கம் சாய்ந்தது என்று கடையில் ஐந்தையும் ஒன்றாக விரிக்கச் சொல்லுங்கள். மேட்சிங் சென்டரில் அதே கலர்களில் பிளவுஸ் பிட் வாங்கி வீட்டில் முன்கூட்டியே பார்த்துவிட்டால் கடையில் குழப்பமே இருக்காது. பட்டில் ஒரு விஷயம்: பாவு (நீளவாட்டு நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர் போட்டிருந்தால் துணி திரும்பும் பக்கத்துக்கெல்லாம் ஷேட் மாறும். மடியில் விரித்துப் பார்த்தால் போதாது, தோளில் போட்டு நடந்து பாருங்கள். வரவேற்புச் சேலை எடுக்கும்முன் மண்டப மேடையில் என்ன லைட் போடுவார்கள் என்று கேட்டு வையுங்கள். ஊதா எல்இடி என்றால் எந்தக் கலர் எடுத்தாலும் ஊதாதான்.

கேள்வி (கோபி மாணவியின் தோழி): போனில் ஒரு ஆப் காலையில் ஸ்பிரிங் என்றது, சாயங்காலம் விண்டர் என்றது.

பதில்: போன் தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும். மஞ்சள் சேலை பிடித்தால் அது முகத்தை நீலமாக்கிச் சமன் செய்யப் பார்க்கும். பியூட்டி மோடை அணைத்துவிட்டு, கேமராவின் புரோ செட்டிங்கில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் ஃபிரேமுக்குள் வைத்து ஒரே இடத்தில் வரிசையாகப் படம் எடுங்கள். பிறகு நீங்களே பாருங்கள், ஆப் எதற்கு?

கேள்வி (பவானி): வீட்டுக்காரரைக் கூட்டிப்போனால் பச்சையையும் மெரூனையும் ஒன்று என்கிறார். கிண்டல் செய்கிறாரா?

பதில்: செய்யாமலும் இருக்கலாம். சிவப்பு, பச்சை பிரித்தறியும் குறைபாடு ஆண்களிடம் பெண்களைவிட அதிகம்; பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. கண் டாக்டரிடம் புள்ளிகளுக்குள் எண் தேடும் அட்டை இருக்கும், சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவரை அவரிடம் பச்சையா மெரூனா என்று கேட்காதீர்கள். எது டார்க், எது லைட் என்று கேளுங்கள், அதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்.